ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்ட்: முதல்முறை உட்காருபவர்களுக்கு

தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு டிராஃப்ட் என்றால் என்னவென்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். டாஸ் ஜெயித்தவன் நன்றாக அடிப்பவனைக் கூப்பிடுவான், அடுத்தவன் வேகமாகப் போடுபவனைக் கூப்பிடுவான். அப்படியே ஆள் ஆளாகப் பிரித்து, கடைசியில் பந்து சொந்தமாக வைத்திருக்கிற ஒரே தகுதியில் ஒருவன் அணிக்குள் வருவான். அமெரிக்க ஃபேன்டஸி ஃபுட்பாலில் ஆகஸ்ட் கடைசியில் நடப்பது இதேதான். கேப்டன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் (இந்தக் கூட்டம்தான் ஒரு லீக்), ஆட்டக்காரர்கள் என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் போட்டியின் 32 அணிகளில் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் நிஜ ஆட்டங்களில் செய்வது உங்கள் கற்பனை அணிக்குப் புள்ளியாகும். வாராவாரம் உங்கள் புள்ளி லீகில் இன்னொருவர் புள்ளியோடு மோதும்.

ட்ரீம்11 பழக்கத்தில் வருபவர்கள் ஒன்றை மட்டும் முதலிலேயே மறந்துவிட வேண்டும். அங்கே ஒரே பேட்ஸ்மேனை ஊரே எடுக்கலாம். இங்கே ஒரு லீகில் ஒரு ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான். நீங்கள் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு இல்லை. மற்றவர் எடுத்துவிட்டால் சீசன் முழுக்க அவர் உங்களுக்கு எதிராகத்தான் ஆடுவார். அதனால் "யார் நல்ல ஆட்டக்காரர்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இவரை இப்போது விட்டால், என் முறை மறுபடி வரும்போது இதே இடத்துக்கு யார் மிச்சம் இருப்பார்?" என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை நான் கேட்காமல் போனதால் என் முதல் வருடம் நாசமானது. அலுவலக லீக், பத்துப் பேர். பெயர் தெரிந்தவர் என்பதால் முதல் ரவுண்டிலேயே ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). அவருக்கு அடிபட்டால் என்ன செய்வது என்று பயந்து மூன்றாம் ரவுண்டில் இன்னொரு குவாட்டர்பேக். குரூப் சாட்டில் சிரிப்பு எமோஜிகள் வரிசையாக வந்தபோதுகூட எதற்கென்று புரியவில்லை. பத்தாவது இடத்தில் முடித்து, தண்டனையாக ஒரு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் எல்லோருக்கும் டோனட் வாங்கிப் போனேன்.

முதலில் உங்கள் லீகின் விதியைப் படியுங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, அதுவே உங்களுக்கு லாபம்.

வழக்கமான அணியில் வாராவாரம் களம் இறங்குவது ஒரு குவாட்டர்பேக், இரண்டு ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (பிடிப்பதோடு எதிராளியைத் தடுக்கவும் செய்பவர்), ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்), ஒரு அணியின் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் மொத்தக் கூட்டம்). ஃப்ளெக்ஸ் என்ற இடத்தில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் மூவரில் யாரையும் வைக்கலாம். பெஞ்சில் ஆறேழு பேர். ஆக, டிராஃப்ட் 15 அல்லது 16 ரவுண்டு ஓடும்.

புள்ளிக் கணக்கில் ஓடியோ பந்தைப் பிடித்தோ கடக்கும் 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடப்பதற்கு) ஆறு. குவாட்டர்பேக் எறிந்து கடக்கும் 25 யார்டுக்கு ஒன்று, எறிந்து வரும் டச்டவுனுக்குப் பெரும்பாலும் நான்கு. இதெல்லாம் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்சுக்குத்தான் லீகுக்கு லீக் மாறும். ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு முழுப் புள்ளி என்றால் பிபிஆர், அரைப் புள்ளி என்றால் ஹாஃப் பிபிஆர், ஒன்றுமே இல்லை என்றால் ஸ்டாண்டர்டு.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை 2024 சீசனை வைத்தே பார்க்கலாம். பால்டிமோர் ரேவன்ஸின் டெரிக் ஹென்றி ஓடி எடுத்தது 1,921 யார்டு, 16 டச்டவுன். பிடித்தது 19 கேட்ச், 193 யார்டு, 2 டச்டவுன். சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜமார் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன். பந்தை நழுவவிட்டதற்கான கழிவையும் சில்லறை யார்டுகளையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீகில் ஹென்றி சுமார் 319, சேஸ் சுமார் 273. முழு பிபிஆரில் சேஸ் 400-ஐத் தொடுகிறார், ஹென்றி 338-இல் நிற்கிறார். அதே ஆட்டம், அதே ஆட்கள், யார் மேலே என்பது தலைகீழ். விதியைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலை அச்சடித்துக்கொண்டு டிராஃப்டுக்கு வருபவர் எதை இழக்கிறார் என்று இப்போது தெரியும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். "சூப்பர்ஃப்ளெக்ஸ்" அல்லது "இரண்டு குவாட்டர்பேக்" என்று, அதாவது ஒன்றுக்கு மேல் குவாட்டர்பேக்கை இறக்கலாம் என்று, விதியில் இருந்தால், குவாட்டர்பேக் பற்றிக் கீழே நான் சொல்லப்போவது எதுவும் பொருந்தாது. அங்கே முதல் ரவுண்டிலேயே அவர்களுக்கு அடிதடி நடக்கும். ஆக்‌ஷன் (ஏலம் கேட்டு ஆட்களை எடுக்கும்) முறை லீக் என்றால் அது வேறு கதை. முதல் வருடம் அதில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

உங்கள் இருக்கை எண்

பெரும்பாலான லீகுகளில் ஸ்னேக் டிராஃப்ட்தான். பாம்பு போல வளைந்து திரும்பும். முதல் ரவுண்டில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை போனால், இரண்டாம் ரவுண்டு பன்னிரண்டாம் ஆளிடமிருந்து தொடங்கித் திரும்பி வரும்.

12 பேர் லீகில் முதல் இருக்கைக்கு 1, 24, 25, 48, 49 என்று விழும். கடைசி இருக்கைக்கு 12, 13, 36, 37. நடுவில் ஐந்தாம் இருக்கைக்கு 5, 20, 29, 44. ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டு பேர் ஒன்றாகக் கிடைப்பார்கள், ஆனால் அதற்குப் பிறகு 22 பேர் போகும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும். அதனால் ஓர இருக்கையில் ஒருவரை "கொஞ்சம் சீக்கிரம்தான்" என்று தோன்றினாலும் எடுத்துவிட வேண்டியிருக்கும், அடுத்த முறைக்கு அவர் இருக்கமாட்டார். நடு இருக்கையில் அந்த அவசரம் தேவையில்லை.

எண் தெரிந்தவுடன் உங்கள் முதல் ஆறு முறைகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாத் திட்டமும் அந்த எண்களைச் சுற்றித்தான்.

தேவையும் கையிருப்பும்

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காரலாம், ஏனென்றால் டிராஃப்டின் மொத்த சூட்சுமமும் இந்த இடத்தில்தான்.

12 பேர் லீகில் ஒரு வாரத்துக்குத் தேவைப்படும் குவாட்டர்பேக் 12 பேர். என்எஃப்எல்லில் களம் இறங்குபவர்கள் 32 பேர். கடைத்தெருவில் வெங்காயம் குவிந்து கிடப்பது போல. ரன்னிங் பேக் நிலைமை வேறு. 12 பேருக்கு இரண்டிரண்டு என்றால் 24, ஃப்ளெக்ஸையும் சேர்த்தால் 30-ஐத் தாண்டும். ஆனால் 32 அணிகளில் பலவற்றில் அந்த வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வேலை முழுவதையும் ஒரே ஆள் சுமக்கும் அணிகள் குறைவு. ஆகவே நல்ல ரன்னிங் பேக் சீக்கிரம் தீர்ந்துபோகும். ரிசீவர்கள் நடுவில் இருக்கிறார்கள்: தேவையும் அதிகம், கையிருப்பும் அதிகம்.

குவாட்டர்பேக் அதிகப் புள்ளி எடுப்பாரே என்று கேட்பீர்கள். எடுப்பார்தான். ஆனால் எதிராளியின் குவாட்டர்பேக்கும் எடுப்பாரே. நமக்கு வேண்டியது வித்தியாசம். 2024-இல் பஃபலோவின் ஜோஷ் ஆலன் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். 3,731 யார்டு எறிந்து 28 டச்டவுன், 531 யார்டு ஓடி 12 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). எறிந்ததையும் ஓடியதையும் மட்டும் எடுத்து, இன்டர்செப்ஷனுக்கு இரண்டு கழித்தால் சுமார் 374. டாம்பா பேயின் பேக்கர் மேஃபீல்டு 4,500 யார்டு, 41 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன், ஓடி 378 யார்டு, 3 டச்டவுன். சுமார் 368. ஆலனை அந்த வருடம் ஆரம்ப ரவுண்டுகளில் எடுத்தார்கள். மேஃபீல்டை டிராஃப்டின் வால்பகுதியில், பல லீகுகளில் எடுக்காமலேயே விட்டார்கள். ஆறு புள்ளி வித்தியாசத்துக்காக ஒரு நல்ல ரன்னிங் பேக்கையோ ரிசீவரையோ விட்டுக்கொடுத்தவர்தான் நஷ்டப்பட்டவர்.

இந்தத் தவறு ஆட்டத்தோடு கூடவே பிறந்தது என்பது எனக்கு ஓர் ஆறுதல். 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து இந்த விளையாட்டை உருவாக்கினார்கள். 1963-இல் எட்டு அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. உலகத்தின் முதல் ஃபேன்டஸி டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் ஜார்ஜ் பிளாண்டா, ஒரு குவாட்டர்பேக். ஜிம் பிரவுன் என்ற ரன்னிங் பேக் அப்போது கையெட்டும் தூரத்தில் இருந்தார். அந்த சீசனில் பிரவுன் 14 ஆட்டங்களில் 1,863 யார்டு ஓடினார். பிளாண்டா எறிந்த டச்டவுன் 24, கொடுத்த இன்டர்செப்ஷன் 25.

டைட் எண்ட் கதை இன்னும் சுவாரசியம். 2022-இல் கான்சஸ் சிட்டியின் டிராவிஸ் கெல்சி 110 கேட்ச், 1,338 யார்டு, 12 டச்டவுன். பிபிஆரில் சுமார் 316. அடுத்து வந்த டி.ஜே. ஹாக்கன்சன் 86 கேட்ச், 914 யார்டு, 6 டச்டவுன், சுமார் 213. நூறு புள்ளி இடைவெளி! அந்த வருடம் கெல்சியை வைத்திருந்தவர் வாராவாரம் ஆறு புள்ளி முன்னிலையோடுதான் ஆட்டத்தையே தொடங்கினார். சரி, பாடம் கற்றுக்கொண்டோம் என்று 2023-இல் எல்லோரும் கெல்சியை முதல் ரவுண்டிலேயே அள்ளினார்கள். அவர் 984 யார்டோடும் 5 டச்டவுனோடும் நின்றுவிட்டார். டெட்ராய்டின் சாம் லபோர்ட்டா, முதல் வருடப் பையன், கடைசி ரவுண்டுகளில் கிடைத்தவர், அவரைத் தாண்டிப் போனார். ஆகவே டைட் எண்டில் என் கொள்கை: உச்சியில் இருக்கும் ஒருவரோ இருவரோ நியாயமான இடத்தில் விழுந்தால் எடுங்கள். தவறினால் நடுவில் இருப்பவர்களுக்காக முறையை வீணாக்காமல் கடைசி வரை காத்திருங்கள். நடுவில் இருப்பவரும் கடைசியில் இருப்பவரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பட்டியலை அடுக்காகப் பிரியுங்கள்

1 முதல் 200 வரை எண் போட்ட பட்டியலை அப்படியே நம்பினால் 14-ஆம் ஆளுக்கும் 15-ஆம் ஆளுக்கும் ஏதோ பெரிய வித்தியாசம் இருப்பது போலத் தோன்றும். இருக்காது. ஒவ்வொரு இடத்துக்கும் தனிப்பட்டியல் எடுத்து, தரம் சட்டென்று விழும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் ஓர் அடுக்கு. அதில் யார் கிடைத்தாலும் சம்மதம் என்று பொருள்.

இதன் பயன் எங்கே தெரியும் என்று ஒரு முறை பார்த்துவிடலாம். நீங்கள் பத்தாம் இருக்கை, உங்களுக்கு 10, 15, 34, 39. இப்போது 34 வந்துவிட்டது. உங்கள் தாளில் ரிசீவர் அடுக்கில் ஆறு பேர் அடிக்கப்படாமல் இருக்கிறார்கள். ரன்னிங் பேக் அடுக்கில் ஒருவர்தான். பட்டியலின் எண்படி பார்த்தால் ரிசீவர் ஒருவர் மேலே இருக்கிறார். இருந்தாலும் ரன்னிங் பேக்கை எடுங்கள். 39-இல் ரிசீவர் அடுக்கில் இருந்து யாராவது நிச்சயம் கிடைப்பார். நடுவில் நான்கு பேர்தானே போகப்போகிறார்கள்.

இன்னும் கூர்ந்து பாருங்கள். அந்த நான்கு முறையும் 11-ஆம், 12-ஆம் இருக்கைக்காரர்கள் இருவருடையது மட்டுமே. அவர்கள் இருவரும் ஏற்கெனவே டைட் எண்ட் எடுத்துவிட்டார்கள் என்றால், உங்களுக்குப் பிடித்த டைட் எண்டை 34-இல் எடுக்க அவசியமே இல்லை. 39-இல் அவர் பத்திரமாக இருப்பார். பக்கத்து இலையில் என்ன பரிமாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்பது போலத்தான் இது.

கூடவே ஏடிபி என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு ஆட்டக்காரர் எத்தனையாவது முறையில் போகிறார் என்ற சராசரி அது. ஈஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் என்ற மூன்று செயலிகளிலும் இது ஒன்றாக இருக்காது. எந்தச் செயலியில் உங்கள் டிராஃப்ட் நடக்கிறதோ அதன் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். மணி ஓடிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேர் திரையில் மேலே நிற்கும் பெயரைத்தான் அழுத்துவார்கள். உங்களுக்குப் பிடித்தவர் அந்தத் திரையில் கீழே இருந்தால், இன்னும் ஒரு ரவுண்டு பொறுக்கலாம்.

மாக் டிராஃப்ட்

இந்தச் செயலிகளிலேயே இலவசமாக ஒத்திகை டிராஃப்ட் ஆடலாம். உங்கள் இருக்கை எண்ணிலேயே ஐந்தாறு முறை ஆடிப் பாருங்கள். ஒரு முறை ரன்னிங் பேக்கில் தொடங்குங்கள், ஒரு முறை ரிசீவரில். ஏழாம் ரவுண்டில் அணி எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே எது சரிப்படுகிறது என்று புரிந்துவிடும்.

ரவுண்டு வாரியாக

முதல் நான்கு முறைகளில் குறைந்தது ஒரு ரன்னிங் பேக், இரண்டு ரிசீவர். நான்காவது, எந்த அடுக்கு தீரப்போகிறதோ அங்கிருந்து. முதல் ரவுண்டில் துணிச்சல் வேண்டாம், நிச்சயம் போதும். ரன்னிங் பேக்கையே தொடாமல் தொடங்கும் 'ஜீரோ ஆர்பி' என்ற முறை பிரபலம்தான். ஆனால் அது சீசன் முழுக்க வேவரில் (யாரும் எடுக்காதவர்களைக் கேட்டு வாங்கும் இடத்தில்) கண்கொத்திப் பாம்பாக இருப்பவர்களுக்கு. முதல் வருடக்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.

ஐந்திலிருந்து எட்டு வரை ரிசீவர், ரன்னிங் பேக் என்று குவித்துக்கொண்டே வாருங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது போன வருட டச்டவுனைப் பார்த்து மயங்க வேண்டாம். டச்டவுன் வரும், போகும். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை முறை பந்து அவரிடம் வருகிறது, எத்தனை முறை அவரை நோக்கி எறிகிறார்கள் என்று பாருங்கள். குவாட்டர்பேக்கை ஏழு, எட்டு, ஒன்பது ரவுண்டு பக்கம் எடுத்தால் போதும். எறிவதோடு ஓடவும் செய்பவர் என்றால் இன்னும் நல்லது. ஓடும் யார்டுக்குப் பத்துக்கு ஒரு புள்ளி, எறிவதற்கு 25-க்கு ஒன்றுதான் என்பது நினைவிருக்கட்டும்.

ஒன்பதுக்கு மேல் பெஞ்ச். இங்கேதான் துணிச்சல் காட்ட வேண்டும். முதல் ஆளுக்கு அடிபட்டால் முழு வேலையும் கைக்கு வரக்கூடிய இரண்டாம் ரன்னிங் பேக்குகள், முதல் வருட ரிசீவர்கள். 2024-இல் பெரும்பாலான டிராஃப்டுகளில் முதல் ஆளாகப் போனவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. முதல் ஆட்டத்தன்று, ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் அவர் இறங்கமாட்டார் என்று தெரிந்தது. இறங்கிய ஜோர்டன் மேசன் 147 யார்டு ஓடினார். மெக்காஃப்ரி அந்த சீசன் முழுக்க ஆடியது நான்கே ஆட்டங்கள். கடைசி ரவுண்டில் மேசனைச் சேர்த்துவைத்தவர் முதல் இடியையாவது தாங்கினார்.

இரண்டாவது குவாட்டர்பேக், இரண்டாவது டைட் எண்ட் பெஞ்சில் வேண்டாம். ஒவ்வொரு என்எஃப்எல் அணிக்கும் ஐந்தாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் ஒரு வாரம் ஓய்வு உண்டு. அந்த ஒரு வாரத்துக்கு ஆள் வெளியிலேயே கிடைப்பார். ஓய்வு வாரம் ஒன்றாக வருகிறதே என்று நல்ல ஆளை விடவும் வேண்டாம்.

கிக்கரும் டிஃபென்ஸும் கடைசி இரண்டு ரவுண்டில். அதற்கு முன்னால் யாராவது கிக்கர் எடுத்தால் சந்தோஷப்படுங்கள், உங்களுக்கு ஒரு ரிசீவர் கூடுதலாகக் கிடைத்தார்.

டிராஃப்ட் நாள்

முடிந்தவரை தள்ளிவைக்கச் சொல்லி லீகை நடத்தும் கமிஷனரைக் கேளுங்கள். ஆகஸ்ட் ஒத்திகை ஆட்டங்களில் அடிபடுபவர்கள் பலர். சீசன் தொடங்கும் வியாழனுக்கு முந்தைய வார இறுதி என்றால் அருமை.

ஒரு முறைக்கு அறுபது, தொண்ணூறு வினாடிதான் கிடைக்கும். உங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் இருக்கும்போதே மூன்று பெயரை வரிசையில் போட்டுவையுங்கள். நெட் போனாலும் செயலி அந்த வரிசையிலிருந்து எடுக்கும். போடாவிட்டால் அதன் இஷ்டத்துக்கு எடுக்கும். நேரில் நடக்கும் டிராஃப்ட் என்றால், போன பெயரை அடிக்க இரண்டு நிறப் பேனா. சாப்பாட்டுத் தட்டைத் தாளிலிருந்து தள்ளி வையுங்கள், அனுபவம்.

திடீரென்று வரிசையாக நான்கு பேர் குவாட்டர்பேக் எடுப்பார்கள். கை துறுதுறுக்கும். அப்போது தாளைப் பாருங்கள்: உங்கள் அடுக்கில் இன்னும் ஆள் இருக்கிறார்களா? இருந்தால் ஓடுகிறவர்களை ஓடவிடுங்கள், அவர்கள் விட்டுப்போன ரிசீவர் உங்களுக்கு. அடுக்கில் ஒருவர்தான் மிச்சம் என்றால் மட்டும் நீங்களும் ஓடலாம்.

முடிந்த பிறகு

மறுநாள் செயலி உங்கள் அணிக்கு மதிப்பெண் போட்டு அனுப்பும். அதைத் திறக்காமலேயே விட்டுவிடலாம்.

வேவர்தான் அடுத்த வேலை. யாரும் எடுக்காமல் விட்ட ஆட்டக்காரர்களை வாராவாரம் அங்கே கேட்டு வாங்கலாம். 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் பூக்கா நக்குவாவைப் பெரும்பாலான லீகுகளில் யாரும் சீண்டவில்லை. நிஜ அணிகள் புதுமுகங்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டிலேயே ஐந்தாம் ரவுண்டில் போன பையன். அணியின் முன்னணி ரிசீவர் கூப்பர் கப்புக்கு அடிபட்டிருந்ததால் முதல் வாரத்திலேயே வாய்ப்பு வந்தது. 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டுமே அன்றைக்குப் புதுமுக ரிசீவருக்கான சாதனை. முதல் வார ஆட்டம் முடிந்ததும் செவ்வாய்க்கிழமை ராத்திரி அவரைக் கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தார். அதனால் கடைசி ரவுண்டில் எடுத்த ஒருவரைத் தூக்கிப்போட மனதளவில் தயாராக இருங்கள்.

அப்புறம், முதல் வியாழன் ஆட்டத்துக்கு முன் அணியை ஒருமுறை திறந்து பாருங்கள். வியாழன் ஆடும் ரன்னிங் பேக்கை ஃப்ளெக்ஸ் இடத்தில் வைத்திருந்தால், அவருக்கே உரிய ரன்னிங் பேக் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஞாயிறு காலையில் யாராவது ஆடவில்லை என்று செய்தி வந்தால், ரிசீவரோ டைட் எண்டோ யாரை வேண்டுமானாலும் போட ஃப்ளெக்ஸ் காலியாக இருக்கும்.